மேல்மாடி வாடகை

வருமான வரி விபரத்தை அரசாங்க இணையத்தளத்தில் நாமே பதியலாம், அதற்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் அதை நான் சொல்லாத ஆள் இல்லை. சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, வங்கி வட்டி, நான் முன்பு ஆசிரியராக இருந்த பத்திரிகையிலிருந்து இப்போதும் வரும் சிறு கொடுப்பனவு, மேல்மாடி வாடகை என்று பதிந்துகொண்டிருந்தேன். மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"எனக்கும் ஒரு வரி நம்பர் எடுக்க வேணுமாமே?"

"உமக்கென்ன வருமானம்? சும்மா இரும்."

அவள் குசினிக்குள் போய்விட்டாள். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

சில வாரங்களில் கனடாவிலிருந்து மகள் அழைத்தாள். அவளுக்கு மாசியில் பிரசவம். தாய் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று போட்ட விசா விண்ணப்பம் ஏற்கெனவே ஒருமுறை மறுக்கப்பட்டிருந்தது.

"அம்மாக்கு சொந்த வருமானம் இல்லையெண்டுதானேப்பா மறுத்தவங்கள். இந்த முறை அவவிட பேரில ஏதாவது காட்ட ஏலாதா?"

"அம்மாக்கு எங்கால வருமானம்?" என்றேன்.

தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. மனைவி வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "மேல்மாடி வாடகை."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். இதுவும் அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. மேல்மாடியில், துறைமுகத்தில் வேலை செய்யும் இரண்டு பொறியியலாளர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அறை கூட்டுவது, தண்ணீர் வராவிட்டால் ஆள் பிடிப்பது, வாடகை வாங்குவது எல்லாம் அவள். வாங்கியதை என்னிடம் தருவாள், நான் என் கணக்கில் போடுவேன். அது எப்படி என் வருமானமானது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

நகரில் வரித் திணைக்களத்தார் இணையத்தில் பதிய இலவசமாக உதவும் மேசை ஒன்று போட்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு வரி இலக்கம் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் என் பதிவைத் திறந்தார்.

"வீடு ஆற்ற பேரில, ஐயா?"

"எங்கட பேரில."

"எங்கட எண்டு ஒரு ஆள் இல்லையே."

பக்கத்துக் கதிரையில் முறைக்குக் காத்திருந்த கிண்ணியா முஸ்லிம் வியாபாரி சிரித்துவிட்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "காக்கா, என்ட வீட்டிலயும் இதே கதைதான். வெளியில மட்டும் நம்மட வீடு."

"என்ர பேரில, தங்கச்சி," என்றாள் மனைவி.

செய்தியில் முதலில் 'யார்' என்று எழுதத் தெரியாத நிருபர்களை நான் ஒரு காலத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருக்கிறேன். இப்போது என் பதிவிலேயே அந்த 'யார்' பிழை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். அதில் அழுக்கு ஏதும் இருக்கவில்லை.

"பயப்படாதேங்கோ, திருத்தலாம்," என்றார் உத்தியோகத்தர். வாடகையை என் பதிவிலிருந்து எடுத்து, மனைவிக்குப் புதிதாக ஒன்று திறந்தார். தொலைபேசி இலக்கம் கேட்டபோது பழக்கத்தில் என்னுடையதைச் சொல்லத் தொடங்கினேன். மனைவி என் கையில் மெதுவாகத் தட்டி, தன்னுடையதைச் சொன்னாள். கடவுச்சொல் போடும் நேரம் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அங்கால பாருங்கோ."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தும் சத்தம் கேட்டது. வியாபாரியும் மரியாதைக்கு என்னோடு சேர்ந்து யன்னலைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் மகளுக்கு அழைத்தாள். "ஓம் பிள்ளை, என்ர பேரிலதான். விசாவுக்குத் திரும்பப் போடு." பிறகு என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தவர்," என்றாள்.

அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். வீடு வரும்வரை என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.