தேத்தண்ணி குடிக்காதவர்கள்

ஊழியத்துக்குப் போகிறவன் அடி வாங்கலாம், திருப்பி அடிக்கக் கூடாது. பயிற்சி முகாமில் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதைத்தான். என் மண்டையில் அது ஏறவே இல்லை.

நாங்கள் சென்னைக்காரர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா மோர்மன் சபையில் சேர்ந்தாள்; அவள் பின்னால் நானும் போனேன். அந்தச் சபையில் பையன்கள் படிப்பை முடித்ததும் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். எனக்குக் கனடாவில் மொன்றியல் வந்தது. அப்பாவுக்குச் சபையும் கிடையாது, சாமியும் கிடையாது. அவர் கட்சிக்காரர். இயக்கம், இயக்கம் என்று அதற்காகவே இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர். தெருவில் பந்தாடப் போனால்கூட எவன் மூக்கையாவது உடைத்துவிட்டு வருகிற பிள்ளை, டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் சமாதானம் பேசப்போகிறான் என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய காபி டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். ஊழியத்துக்கு நான் தயாரான லட்சணம் அது.

முகாம் அமெரிக்காவில் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. காலையில் பிரெஞ்சு, மாலையில் ஒத்திகை. ஒத்திகை என்றால், எங்கள் பயிற்சியாளர் ஒரு கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரராக நிற்பார். நாங்கள் தட்ட வேண்டும். அவர் கத்துவார், திட்டுவார், கதவை முகத்தில் அறைவார். நாங்கள் சிரித்தபடி வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். என் முறை வந்தபோது நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அடுத்த கணம் அவருடைய டை என் கையில் இருந்தது, அவர் முகம் சிவந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் வந்து என் விரல்களைப் பிரித்தார்கள். அவர் இருமி முடித்துவிட்டு, “சரி, இன்னொரு தடவை தட்டு” என்றார். அப்போதே என்னை ஊருக்கு அனுப்பியிருக்கலாம். நல்ல மனிதர்கள், அனுப்பவில்லை.

மொன்றியலில் எனக்குத் துணையாகக் கிடைத்தவன் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த ஓர் அமெரிக்கன். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். எங்கள் சபையில் ஊழியக்காரர்கள் தனியாக எங்கும் போகக் கூடாது; ஒருவன் கண்பார்வையில் மற்றவன் இருக்க வேண்டும். அவன் என்னைக் கண்பார்வையில் மட்டுமல்ல, கைப்பிடியிலும் வைத்திருந்தான். நான் எகிறும்போதெல்லாம் என் கோட்டுக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வான். பொய் சொல்ல மாட்டான். விளையாட்டுக்குக்கூட மாட்டான். என் சமையல் எப்படி என்று கேட்டால் வாயில் போட்டதை நிதானமாக மென்றுவிட்டு, “மோசம்” என்பான்.

எங்களுக்கு அங்கே கிடைத்த வரவேற்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். லாசால் என்ற பகுதியில் ஓடும் காரிலிருந்து எவனோ வீசிய பீர் போத்தல் என் காதை உரசிக்கொண்டு போய் சுவரில் உடைந்தது. ஓர் அடுக்குமாடியில் கிழவர் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். அது என் துணையின் கெண்டைக்காலில் பல் பதித்தது. மெத்ரோ மேடையில் ஒரு குடிகாரன் எங்கள் மார்பிலிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை, நேராக வந்து என் துணையின் வாயில் குத்தினான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை நனைந்தது. அவன் குனிந்து, கீழே விழுந்திருந்த குடிகாரனின் தொப்பியை எடுத்துக் கொடுத்தான். நான் வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கைமுட்டி வீங்கும்வரை குத்தினேன். அவன் ஐஸ் கட்டி எடுத்து, தன் உதட்டுக்குப் பாதி, என் கைக்குப் பாதி வைத்தான். அவனையும் சேர்த்து அடிக்கலாம் போலிருந்தது எனக்கு.

குளிர் உச்சத்தில் இருந்தபோது எங்களை செயின்ட்-மிஷேல் பக்கம் மாற்றினார்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, நீ பேசினால் கேட்பார்கள் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரெஞ்சில் திக்கித் திணறி அவமானப்பட்டவனுக்குச் சொந்த மொழியில் கதவு தட்டக் கிடைத்தால் சும்மாவா? ஈழத்தமிழும் தமிழ்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன்.

அந்த வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டில் பனி உறைந்து கண்ணாடிபோல் இருந்தது. மத்தியானம். கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், வேலைக்குக் கிளம்பும் உடையில் இருந்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அட, தமிழ்ப் புள்ளையா? உள்ளுக்கு வா மனே. இந்தக் குளிருக்குள்ள நிண்டு என்ன செய்யிற நீங்க?”

மட்டக்களப்பு என்றார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். மகள் கல்லூரி முடிந்து இப்போது வந்துவிடுவாள் என்றார்கள். இன்னும் பேப்பர் சரிவரவில்லை, அகதி விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது என்று, கேட்காமலே சொன்னார். இத்தனை கதவுகளுக்குப் பிறகு உட்காரச் சொன்ன முதல் வீடு.

மனைவி தேநீர்க் கெண்டியும் கோப்பைகளும் கொண்டுவந்து வைத்தார்.

“தேத்தண்ணி குடிங்க” என்றார் வீட்டுக்காரர்.

“வேணாம்ணே. நாங்க டீ, காபி எதுவும் குடிக்கிறதில்ல” என்றேன். எங்கள் சபையில் அது விலக்கு.

“குடிக்கமாட்டீங்களா? சிகரெட்டு, சாராயம்?”

“எதுவும் கூடாதுண்ணே. ஊழியம் முடியிற வரைக்கும் லவ்வுகூடக் கூடாது” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “பேர் என்ன?”

“சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்கண்ணே. இங்க வந்தா வேற பேருதான்.” மார்பிலிருந்த பட்டையைக் காட்டினேன். அதில் மூப்பர் என்று போட்டு அப்பா பெயர் இருக்கும்.

“வீட்டோட கதைக்கிறயா?”

“வாரத்துக்கு ஒரு வாட்டி விடுவாங்க. முகாம்ல பயிற்சி முடிச்ச உடனே நேரா இங்க அனுப்பிட்டாங்கண்ணே.”

“ஆர் அனுப்பின?”

மோர்மன் என்றால் யாருக்கும் புரியாது, ஏதோ மோர் விற்கிற கம்பெனி என்று நினைப்பார்கள். அதனால் அப்பாவின் சொல்லை எடுத்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேடை, மாலை, பிரியாணிப் பொட்டலம் என்றுதான் அர்த்தம்.

“இது ஒரு பெரிய இயக்கம்ணே. உலகம் பூரா இருக்கு.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றியபடி அம்மாவிடம் பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். எனக்கு வாய் நிற்கவில்லை. பேச்சு நன்றாகப் போகிறது என்ற நினைப்பு எனக்கு.

“உங்க பொண்ணுகூட வரலாம்ணே. பொண்ணுங்களையும் எடுக்கிறாங்க. ஒரு வீட்டுக்கு ஒருத்தராவது போனா பெருமைதானே?”

கெண்டி என் கழுத்தில் வந்து விழுந்தது. மூடி தெறித்து, கொதிக்கிற தேநீர் சட்டைக்குள் இறங்கியது. நான் அலறி எழுவதற்குள் அவர் என் மேல் பாய்ந்துவிட்டார். அந்த ஒல்லி உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. முகத்தில், வயிற்றில், காதில் என்று பார்க்காமல் குத்தினார். கதவோரம் பனி அள்ளும் சவள் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கி என் முதுகில் போட்டார். “எடுப்பீங்களா? என்ர புள்ளையையும் எடுப்பீங்களா?” என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். மகள் சாத்தாமல் விட்டிருந்த கதவு வழியாக நாங்கள் படிக்கட்டின் மேல்தட்டுக்கு உருண்டோம்.

என் துணை என் காலரைப் பிடிக்க வந்தான். அன்றைக்கு நான் அவனுக்கு அகப்படவில்லை. சவளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மனிதரின் வாயில் ஓங்கிக் குத்தினேன். பல் ஒன்று உடைந்து என் விரல்முட்டியைக் கிழித்தது. மறுபடியும் குத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. போத்தல், நாய், குடிகாரன் எல்லாவற்றுக்குமாக அவரைக் குத்தினேன். எங்களை விலக்க நடுவில் புகுந்த என் துணைக்கு அந்தப் பனியில் கால் வழுக்கியது. அத்தனை பெரிய உடம்பு இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு தெருவரைக்கும் போனது. கீழே பனி சிவந்தது. அப்போதுதான் எங்கள் இருவர் கையும் நின்றது.

பக்கத்து வீட்டார் கூப்பிட்டு போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸும் வந்தது. என் துணைக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்து, புருவம் எலும்புவரை பிளந்திருந்தது. நினைவு இருந்தது. வீட்டுக்காரரைக் கைவிலங்கிட்டு வாசலில் நிறுத்தினார்கள். நான் கழுத்தில் பனியை அப்பிக்கொண்டு, இந்த ஆளை உள்ளே தள்ளுங்கள், நாடு கடத்துங்கள் என்று சொல்வதற்கு பிரெஞ்சு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி என் கையைப் பிடித்தார்.

“மனே, இவர உள்ளுக்குப் போட்டா திருப்பி அனுப்பிருவானுகள். அங்க போனா இவர் உசிரோட இருக்கமாட்டார்.”

“அப்புறம் எதுக்கு இப்படி அடிச்சாரு?” என்று கத்தினேன்.

“இவர்ர தங்கச்சி. பள்ளிக்கூடம் போய் வந்த புள்ள. இப்படித்தான் ரெண்டு பொடியனுகள் வந்தவனுகள். நல்ல மரியாதை. குடுத்த தேத்தண்ணியக் குடிக்கல்ல. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு சொன்னவனுகள். மறுகா ஒரு நாள் வந்து புள்ளையக் கொண்டுபோயிட்டானுகள். இண்டைக்கு வரைக்கும் செத்ததா, இருக்கிறதா எண்டு தெரியா.”

நான் அந்த வீட்டுக்குள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் திரும்பக் கேட்டது. முகாம். பயிற்சி. வேற பேர். பொண்ணுங்களையும் எடுக்கிறாங்க. ஈழத்துக்காரர்களுக்கு இயக்கம் என்றால் துப்பாக்கி தூக்கிய இயக்கம்தான் என்று அப்பாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். கழுத்து வெந்துகொண்டிருந்தது, இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்கிறாய் என்று அந்த அம்மாவின் மேல்கூட எரிச்சல் வந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக அவரை மாட்டிவிட்டிருக்கலாம்.

போலீஸ்காரி என்னிடம் வந்தாள். யார் முதலில் அடித்தது என்று கேட்டாள்.

“நான்” என்றேன். “நான்தான் முதலில் குத்தினேன். இழுபறியில் தேநீர் கொட்டிவிட்டது.”

அவள் நம்பவில்லை. மகளிடம் கேட்டாள். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு போலீஸ்காரி ஸ்ட்ரெச்சரிடம் போனாள். பொய்யே சொல்லாத மாடு மேய்ப்பவன் ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான். அவன் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“அவர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள், மேடம். எது எங்கே தொடங்கியது என்று எனக்குப் புரியவில்லை. படியில் நானாகத்தான் வழுக்கினேன்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவனைப்போல ஒருவனை நான் அப்புறம் பார்க்கவில்லை.

அந்த வீட்டார் புகார் கொடுக்காததால் போலீஸ் என்னை விட்டுவிட்டது. சபைப் பொறுப்பாளரிடமும் நான்தான் முதலில் அடித்தேன் என்றே சொன்னேன். சீக்கிரமே என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சபையில் பாதியில் திரும்பி வருகிற பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்பது சபைக்காரர்களுக்குத்தான் தெரியும். அம்மா விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டாள், வீட்டுக்குப் போய் அழுதாள். அப்பா, “அடி பலமா?” என்று மட்டும் கேட்டார். அதற்கெல்லாம் நான் துணிந்துதான் சொன்னேன். துணியாமல் சொன்னது வேறொன்று.

அன்று அந்த வாசலில் அவருடைய விலங்கைக் கழற்றிவிட்டு என்னைக் காருக்குக் கூட்டிப்போனார்கள். அவர் வாயெல்லாம் ரத்தத்தோடு, செருப்பில்லாத காலோடு, பனியில் என் பின்னால் வந்தார். நான் என்ன சொன்னேன் என்று மகள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி அடிக்கப்போகிறார் என்று கையைத் தூக்கினேன். அவர் என் சட்டையை மெதுவாகப் பிடித்தார். கண் என்னைப் பார்த்தபடி இருந்தது. ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தது என்னிடம் இல்லை.

“என்ன விட்டுட்டீங்க” என்றார். “அப்ப தங்கச்சியையும் விட்டிருவீங்கதானே?”

போலீஸ்காரி என் தலையை அழுத்திக் காருக்குள் தள்ளினாள். கதவு சாத்துவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆமாம் என்பதற்கு அவர் ஊரில் சொல்கிற, எனக்குப் பழக்கமில்லாத சொல்தான் வாயில் வந்தது.

“ஓம்” என்றேன்.