பத்தாவது முடிச்சு

காலை ஆறரை மணி. திருகோணமலை இறங்குதுறை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்ப முன்னம் கொட்டியாற்றுக் குடாவைக் கடந்துவிட வேண்டும் என்பது லோஞ்சுக்காரரின் அவசரம். மூதூருக்கு ஆளுக்கு ஒரு ரூபா. இரண்டு ஆடு, ஏழு மூட்டை வெங்காயம், ஒரு தையல் மெஷின், முப்பது பேர், நான். எழுபதுகள் தொடங்கியிருந்த காலம். நாற்பத்தேழு வயதாகியும் ஒரு திசையில் கால் தரிக்காத ஆள் நான். ஆனால் இந்த முறை போனது ஊர் பார்க்க அல்ல.

சட்டைப் பையில் எங்கள் சிறிய சபையின் போதகர் காய்ச்சலில் படுத்தபடி எழுதிய கடிதம் இருந்தது. வெருகலில் இருக்கும் கனகம்மா என்ற விதவைக்கு. சித்திரையில் எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள். சாட்சியாக நின்றவன் நான். அன்றுமுதல் ஊர்ப் பெண்கள் அவளை ஆற்றில் இறங்கி இறால் பிடிக்க விடுவதில்லை என்று கேள்விப்பட்டோம். பட்டினத்து விடுதியொன்றின் குசினியில் அவளுக்குச் சமையல் வேலை பார்த்தாயிற்று. கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

நடுக் குடாவில் காற்று எங்களை முந்திக்கொண்டது. தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறி, லோஞ்சின் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆடுகள் கத்தின. சுக்கானைப் பிடித்திருந்த மூதூர்க் காக்கா, ஒரு முஸ்லிம் பெரியவர், வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சொன்னார்:

“எல்லாரும் அவரவர் ஆளைக் கூப்பிடுங்க. நேரம் வந்திட்டு.”

“எனக்கு ஒருவர்தான், காக்கா,” என்றேன் கம்பியை இறுகப் பிடித்தபடி.

“எனக்கும் ஒருத்தன்தான், சேர். ஆனா எஞ்சினையும் பாக்கணுமே!”

நனைந்த முகங்கள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன். கம்பியை மட்டும் விடவில்லை.

எட்டேகாலுக்கு மூதூர். ஒன்பது மணி பஸ் ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டது. வெருகலுக்கு ஒரு ரூபா நாற்பது சதம். தோப்பூரின் தென்னைகள், அறுத்துக் கிடந்த வயல்கள், ஈச்சிலம்பற்றில் ஒரு தேத்தண்ணி. செம்மண் தூசி தலைமயிரில் குடியேறியது. பன்னிரண்டு மணிக்கு ஆற்றங்கரையில் பஸ் நின்றது. அப்பால் போக வேண்டுமானால் ‘பாதை’யில் ஏற வேண்டும். கயிறு பிடித்து இழுத்து ஆற்றைக் கடத்தும் மிதவைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். நான் ஏறவில்லை. கனகம்மாவின் குடிசை இக்கரையிலேயே இருந்தது.

ஆறு அகன்று, மெதுவாக, எதையும் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை மணல் திட்டில் ஒரு மரக்கட்டை கிடந்தது. மரக்கட்டை வாயைத் திறந்தது. முதலை.

கனகம்மா கடிதத்தை என்னையே வாசிக்கச் சொன்னாள். கேட்டு முடித்ததும் வெறுந்தேத்தண்ணியும் ஒரு கரண்டி சீனியும் கொண்டுவந்து வைத்தாள்.

“நான் வரேல்ல, ஐயா.”

“நல்ல வேலை, கனகம்மா. சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் உண்டு.”

“நான் இப்ப ஓடிவந்தா என்ன அர்த்தம்? என்ர ஆண்டவர் பட்டினத்தில மட்டும்தான் காப்பார், வெருகல் ஆத்தில அவருக்கு ஏலாது எண்டு நானே சொன்ன மாதிரி. ஆறு கிழமையா மரவள்ளிக் கிழங்கைத் திண்டு யோசிச்சனான். இண்டைக்கு இறங்கப் போறன்.”

பின்னேரம் இரண்டு மணிக்குப் பெண்கள் கூடினார்கள். ஒன்பது பேர். இடுப்பில் இறால் போட ஓலைப் பறி. கழுத்தளவு தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது இவர்கள் தொழில். கரையிலே ஒரு மருத மரம். அதன் கீழே பரியாரியார், அந்த ஊரின் நாட்டு வைத்தியர், தென்னங்கயிறோடு உட்கார்ந்திருந்தார். இறங்குமுன் ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லி, மந்திரம் முணுமுணுத்து, கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். அதோடு முதலையின் வாய் கட்டப்பட்டுவிடும். அவள் உயிரோடு கரையேறியதும் அந்த முடிச்சை அவிழ்ப்பார். கூலி ஒரு கை இறால். முடிச்சில்லாமல் ஒருத்தி இறங்கினாலும் எல்லாருக்கும் கட்டு விட்டுப்போகும் என்பது நம்பிக்கை. கனகம்மா மந்திரக் கட்டு வேண்டாம் என்றாள். அதனால்தான் இவ்வளவும்.

பாக்கியம் என்கிற பருத்த பெண் இடுப்பில் கை வைத்து வழிமறித்தாள். “எடியே கனகம், உன்ர யேசுவுக்கு நீந்தத் தெரியுமோடி?”

“நீந்துவானேன்? தண்ணிக்கு மேல நடந்தவர்.”

இரண்டொரு பெண்கள் களுக்கென்று சிரித்துவிட்டு பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். “உனக்கு வீம்பெண்டா நீ சா. எங்கட பிள்ளையளை ஏன் தாயில்லாப் பிள்ளையளாக்கிறாய்?” என்றாள் பாக்கியம். அதில் பொய் இல்லை. அவள் பயந்துதான் இருந்தாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பரியாரியாரின் விரல்கள் அசைவதைக் கண்டேன். ஓசைப்படாமல் பத்தாவது முடிச்சொன்று போட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பாக்கியத்திடம் கயிற்றை மெல்லத் தூக்கிக் காட்டினார். பாக்கியம் வழிவிட்டாள். பெண்கள் தண்ணீரில் இறங்கத் தொடங்கினார்கள். ஒழுங்காக முடிந்தது என்று எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கிழவரை அந்தக் கணத்தில் நான் நேசித்தேன்.

கனகம்மா தண்ணீரில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். எல்லாரும் ஏன் திடீரென்று அடங்கினார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். நேரே மருத மரத்துக்கு வந்து முடிச்சுகளை விரலால் எண்ணினாள்.

“பத்தாவது ஆருக்கு?”

“இருந்திட்டுப் போகட்டும், பிள்ளை. கயிறு உன்னட்ட என்ன கேக்குது?”

“அவிழுங்கோ.”

நான் இடையில் புகுந்தேன். “கனகம்மா, விடுங்கோ. நீங்கள் கேட்டுக் கட்டினதில்லையே. ஆண்டவர் உள்ளத்தைத்தானே பார்க்கிறவர்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

“உள்ளத்தை அவர் பாப்பார், ஐயா. இந்த ஆத்தங்கரை கயிறைத்தானே பாக்கும்? நான் ஏறி வந்தா பரியாரியார்ர முடிச்சுக் காப்பாத்தினது எண்டுதான் கதை. பக்கத்தில இன்னொரு ஆளைக் காவலுக்கு வைச்சிட்டு, அவர் ஒருத்தர்தான் எண்டு எந்த வாயால சொல்றது? அவருக்குப் பங்காளி இல்லை.”

“முதலை பிடிச்சா?” என்று தண்ணீரிலிருந்து கத்தினாள் பாக்கியம்.

“பிடிச்சாப் பிடிக்கட்டும்! முதலைக்கு நான் ஒருநாள் சாப்பாடு. அவருக்கு எண்டைக்கும் மகள்.”

பரியாரியாரின் முகம் சுருங்கியது. “நாப்பது வருசமா ஒருத்தியையும் நான் ஆத்துக்குக் குடுக்கேல்ல. இந்தக் கை உயிரோட வந்தவைக்குத்தான் அவிழ்க்கும். இறங்க முன்னம் அவிழ்க்கிறது கொள்ளி வைக்கிற மாதிரி. என்னால ஏலாது, பிள்ளை.” கயிற்றை மரவேரில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் அவிழ்த்தா கோவத்தில செய்தவள் எண்டு சொல்லுவினம்,” என்றாள் கனகம்மா. “ஐயா, என்ர ஞானஸ்நானத்துக்கு நீங்கள்தானே சாட்சி நிண்டனீங்கள். நீங்கள் அவிழுங்கோ.”

சாட்சி நிற்பது என்றால் வெள்ளை வேட்டி கட்டி, குறிப்பிட்ட இடத்தில் சம்மதமாய் ‘ஓம்’ சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். எதிர்க்கரையில் முதலை இன்னும் வாயைத் திறந்தபடி கிடந்தது. நான் அவிழ்த்து, அவளுக்கு ஏதும் நேர்ந்தால், ஊருக்கு முன்னால் அது என் கை. ஆனால் அவிழ்க்காவிட்டால் சித்திரையில் நான் சொன்ன ‘ஓம்’ என்ன?

குந்தினேன். ஈரக் கயிறு. அவிழ்த்தேன்.

ஒன்பது பெண்களும் அலறியடித்துக்கொண்டு கரையேறினார்கள். கனகம்மா மட்டும் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. ஆறு அவளை ஏற்றுக்கொண்டதா விழுங்கியதா என்று சொல்ல முடியாத அமைதி. கரையில் நிற்க எனக்கு முடியவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். எனக்கென்று கயிற்றில் எந்த முடிச்சும் இல்லை. சேறு காலைக் கவ்வியதும் என் வாயிலிருந்து ஜெபம் வரவில்லை, ‘ஐயோ’ என்றுதான் வந்தது.

“ஐயா, ஆடாமல் நில்லுங்கோ. இறால் ஓடுது,” என்றாள் அவள்.

கரை முழுவதும் சிரித்தது. பரியாரியார்கூட.

அரை மணி. முக்கால் மணி. பிறகு பாக்கியம் வீரிட்டாள். எதிர்க்கரைத் திட்டு வெறுமையாக இருந்தது. முதலையைக் காணவில்லை. கனகம்மா நிமிர்ந்து அந்த மணலைப் பார்த்தாள். கையில் அகப்பட்டதைப் பறியில் போட்டாள். ஓடவில்லை. தண்ணீரைக் கலக்காமல், ஒவ்வொரு அடியாக, என் முன்னால் நடந்து ஏறினாள். “காவல் எண்டா கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறதில்லை,” என்றாள் மூச்சு வாங்கியபடி. பறி அரைவாசி நிறைந்திருந்தது.

நேராகப் பரியாரியாரிடம் போய் ஒரு கை இறால் அள்ளி நீட்டினாள். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

“கட்டுக்கூலி இல்லை,” என்றாள். “பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுக்கிறன். குழம்பு வையுங்கோ.”

அவர் இறாலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சால்வைத் தலைப்பை விரித்தார்.

பாக்கியம் தூர நின்றே சொன்னாள்: “நாளைக்கு நீ முதல் இறங்கு. அரை மணி பாத்திட்டுத்தான் நாங்கள் இறங்குவம்.”

தயவா, பொறியா? எனக்கு விளங்கவில்லை. கனகம்மாவுக்கு விளங்கியது. ஆறு அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, எல்லாரிலும் முதலில் இறங்கும் இடத்தில். “ஓம். முதலே இறங்கிறன்,” என்றாள். நாளைக்கும் முதலை இருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

நாலே முக்கால் பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். இரவு மூதூரில் தங்கி, மறுநாள் காலை லோஞ்சு. காற்சட்டையில் வெருகல் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டே வந்தது. விடுதிக் குசினிக்கு வேறு ஆள் பார்க்கும்படி போதகரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எங்கள் பட்டினத்து வீடுகளில் ஆண்டவர் படத்துக்குக் குறைவில்லை. மாலை போட்டு, மின்குமிழ் போட்டு வைத்திருக்கிறோம். என் வீட்டு வாசல் நிலைக்கு மேலே, முன்பு குடியிருந்தவர்கள் கண்ணூறுக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கறுத்துக் காய்ந்து தொங்கின. ஒன்பது வருடமாக அதன் கீழால் வேதப் புத்தகத்தோடு போய் வந்திருக்கிறேன். கட்டியது நானில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கழற்றியதும் நானில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வந்ததும் வராததுமா என்ன செய்யிறீங்கள்? விழுந்து காலை முறிக்கப் போறீங்கள்!”

“முறிஞ்சா முறியட்டும்,” என்றேன்.

நூல் இறுகிப்போய்க் கிடந்தது. பல்லால் கடித்து அறுத்தேன்.