கழுவிய கையோடு நாற்பது நிமிடம்

அந்த ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவில் ஆறு இளம் டாக்டர்கள். ஐந்து பேர் ஆண்கள். ஆறாவது ஆளைக் குட்டி டாக்டர் என்றோம். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆபரேஷன் தியேட்டரில் பலகை போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். அப்பா லாரி ஓட்டுபவர்; வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் இவள் ஒருத்திதான்.

அறுவை நிபுணர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க, தன் கையால் செய்த முப்பது ஆபரேஷன் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெரிய டாக்டரின் கையெழுத்து வேண்டும். மூன்று வருடத்தில் அவளுக்குச் சேர்ந்தது இருபத்தெட்டு. கூடவே சேர்ந்த நெட்டையனுக்கு எழுபது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இரண்டு ஆபரேஷன்கள் இருந்தன.

அவளுக்குக் கைத்திறன் இல்லாமல் இல்லை. வார்டில் எந்தப் பெண் அழுதாலும், எந்த உறவுக்காரர் சத்தம் போட்டாலும் "குட்டி டாக்டரைக் கூப்பிடு" என்பது எங்கள் பழக்கம். அவள் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வருவதற்குள் நெட்டையன் தையல் போட்டுக்கொண்டிருப்பான். தியேட்டர் நர்ஸாக இருந்த நானும் எத்தனையோ முறை அவளை அனுப்பியிருக்கிறேன். அவள் போனால் தகராறு சீக்கிரம் அடங்கும், அவ்வளவுதான் காரணம்.

அந்த வியாழன் காலை, பெரிய டாக்டர் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தபோதே அவள் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கவுனும் கையுறையும் மாட்டி, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே பிடித்தபடி நின்றுவிட்டாள். கழுவிய கை வேறு எதையும் தொடக்கூடாது. அதனால் கழுவியவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

"நோயாளியே இன்னும் வரலை. யாருக்குக் கும்பிடு போடுற?" என்றான் நெட்டையன்.

"உனக்குத்தான் சாமி. இன்னைக்கு ஒரு நாள் என் கத்திய விட்டுடு."

நாற்பது நிமிடம் நின்றாள். நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும் நேரத்தில் வார்டிலிருந்து ஃபோன் வந்தது. பன்னிரண்டாம் படுக்கை அம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறார், குட்டி டாக்டரை அனுப்ப வேண்டுமாம்.

"போயிட்டு வாம்மா. உன் வாய்க்குத்தான் அவங்க அடங்குவாங்க" என்றார் பெரிய டாக்டர்.

"கழுவியாச்சு சார்."

"வந்து திரும்பக் கழுவிக்கோ."

"மாட்டேன் சார்."

வேறு நர்ஸை நிறுத்திவிட்டு வார்டுக்கு நான் போனேன்.

"லேடி டாக்டர் வேலையா இருக்காங்கம்மா" என்றேன்.

"லேடி டாக்டர் வேணும்னு யாரு கேட்டா? ரெண்டு நாளா பட்டினி போட்டு ஆபரேஷனைத் தள்ளிக்கிட்டே போறீங்க. இன்னைக்கு உண்டா இல்லையான்னு ஒரு ஆளு வந்து சொல்லணும். மீசை வச்சவரு சொன்னா காதுல ஏறாதா எனக்கு?"

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் எந்த நோயாளியையும் யார் வர வேண்டும் என்று கேட்டுப் பார்க்கவில்லை.

நான் திரும்பியபோது அவள் முதல் ஆபரேஷனை முடித்திருந்தாள். சுத்தமான தையல். இரண்டாவதைப் பெரிய டாக்டர் நெட்டையனுக்குக் கொடுத்துவிட்டார்.

"நின்னு நின்னு களைச்சுப் போயிருக்க. அடுத்த வருஷம் எழுதிப் போடு. உனக்கென்ன அவசரம்? நடுவுல கல்யாணம் காட்சின்னு வேற வரும்."

கெட்டவர் இல்லை. அதைக் கரிசனம் என்றே நினைத்தார்.

நெட்டையன் வராந்தாவில் அவளிடம் வந்தான். "என்னோடதுல ஒண்ண உன் பேர்ல எழுதிக்கோ. பெரியவரு பாக்காமலே கையெழுத்துப் போடுவாரு."

"நீ செஞ்சதை நான் எழுத மாட்டேன். நான் செய்ய வேண்டியதை நீ எழுதினது போதும்."

அவன் பிடரியைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போகவில்லை. உடை மாற்றும் அறையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஃபோனில் சொன்னாள்: "இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா."

"பொண்ணு பாக்க வரேன்னவங்களுக்கு நான் என்னடி சொல்றது?"

"இருக்கிறதைச் சொல்லு. எனக்குக் கால் வலிக்குது, வச்சிடறேன்."

திங்கட்கிழமை வார்டு கூப்பிட்டபோது நான் நெட்டையனை அனுப்பினேன். அரை மணி நேரம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தான். அதற்குள் அவள் முப்பதாவதை முடித்துவிட்டாள்.

"பாத்தியா, பொறுமையா இருந்தா தானா வருது" என்று சொல்லிப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"ஆமா சார்" என்றாள். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று நாள் குறைய ஒரு வருடம் இருந்தது.