பைலட் ஏறாத ஹரிக்கேன்

எனக்கும் வீரத்துக்கும் உள்ள உறவு சுருக்கமானது. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவேன். ஆனால் டெல்லி மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டின் ஷோகேஸில் இரண்டாம் உலகப் போரின் பாதி விமானப்படை நிற்கிறது. எல்லாம் பிளாஸ்டிக். பெட்டியில் வரும் துண்டுகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சண்டை விமானம் கிடைக்கும். "பகல்ல மினிஸ்ட்ரியில ஃபைல் தள்றார், சாயங்காலம் பர்மா மேல குண்டு போடறார்" என்று விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவது என் மனைவியின் வழக்கம்.

போன குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. நவம்பரில் டெல்லியில் இருமாதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதால் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. இருமல் போகவில்லை. ஸ்கேனில், நுரையீரலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது. பழைய தழும்பாக இருக்கலாம், டி.பி.யாக இருக்கலாம், கேன்சராகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். முதுகு வழியாக ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர நாளாகும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்றில் எது என்று தெரியும் வரை எங்களுக்கு வேறு வேலை இல்லை.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்கும்? பேசலாம், சிரிக்கலாம், கடித்துக்கொண்டாலும் தெரியாது. உடம்பு முழுக்க எனக்கு அப்படி இருந்தது. ஆபீஸ் போனேன், ஜோக் அடித்தேன், சிரித்தார்கள். நல்ல ஜோக்காகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் உள்ளே கிடந்தது. வருஷக்கணக்காக படுக்கையறை மூலையில் உட்கார்ந்து பெயிண்ட் ஸ்ப்ரே செய்தவன் நான். வெளியே அடிக்க முடியாது, பால்கனித் தூசி ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே அடித்தால் ஏர் பியூரிஃபையர் சிவப்பாகி அலறும். "வெளியில இருக்கிற விஷம் பத்தாதுன்னு சொந்தத் தயாரிப்பு வேறயா?" என்று அவள் ஜன்னலைத் திறப்பாள். வெளியிலிருந்தும் விஷம் வரும். அந்த நிழல் என் பெயிண்டாக இருந்தால்? இதை யாரிடமும் கேட்கவில்லை. ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன்.

அப்போது மேஜையில் இருந்தது ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானம். இந்த விமானங்களின் உடம்பு இரண்டு பாதியாக வரும். முதலில் உள்ளே பைலட் சீட், பெல்ட், மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்புறம் பைலட்டை உட்கார வைத்து இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். மூடியபின் உள்ளே செய்த வேலை கண்ணில் படாது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. நான் மூடாமல் அதற்குள்ளேயே குடியிருந்தேன்.

"என்னங்க, இன்னும் அந்த சீட்டுதானா?"

"பெல்ட்டுக்கு பக்கிள் வைக்கிறேன்."

"மூடினப்புறம் அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ரொம்ப சந்தோஷம். பருப்பு டப்பா காலியா இருக்கிறது மட்டும் தெரியாது."

பருப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். மேஜையில் ஹரிக்கேன் மூடியிருந்தது, மேலே ரப்பர் பேண்ட் சுற்றி, கச்சிதமாக.

"ஒட்டிட்டேன். உங்களைப் பார்க்கச் சகிக்கலை," என்றாள்.

"பைலட்?"

அவன் பசை பாட்டிலின் மூடிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான்.

"அவன் ஏறலையா? நீங்க ஏத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

இந்தப் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும், பிரித்தால் உடையும். வேறு சமயமாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். அன்று எனக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"மேல் ஓட்டை வழியா இறக்கிடலாம். ஆனா முழங்காலோட காலை வெட்டணும். நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

"நாங்கன்னா யாரு?"

"உலகம் பூரா இருக்கிற பைத்தியங்க."

அவள் அவனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "வேண்டாம். என்னைக் குத்தினது போதும். இவனாவது வெளியில இருக்கட்டும்."

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் படித்துவிட்டு, "முபாரக் ஹோ, டி.பி. ஹை" என்றார். டி.பி. வந்ததற்கு வாழ்த்து வாங்கிய தம்பதி அந்த ஆஸ்பத்திரியில் அன்று நாங்கள் மட்டும்தானா என்று தெரியவில்லை. நானும் பதிலுக்கு தேங்க்யூ சொன்னேன். கேன்சர் இல்லை. ஆறு மாதம் மாத்திரை. அப்போதுதான் பெயிண்ட் பற்றிக் கேட்டேன். இதற்கும் பெயிண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் ஸ்ப்ரே வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் நின்றாள். "இத்தனை நாளா இதையா மனசுல வெச்சிருந்தீங்க?"

"ஆமா."

"நான் பெயிண்டா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன். மொத்தத்தையும் பழைய சாமான் வாங்கற கபாடிவாலாகிட்ட போட ஒரு சாக்கு கிடைச்சிருக்கும்."

மெட்ரோவில் அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். "டி.பி.யா? ஐயையோ" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. "வெறும் டி.பி.தாண்ணே," என்று இவள் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது சந்தோஷம் வர வேண்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் ஸ்டேஷன்தான் வந்தது.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் முதல் மாத்திரைகளை விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் பாத்ரூமிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, டாக்டர் சொன்ன மாதிரியே மாத்திரையால யூரின் ஆரஞ்சா போகுது."

"எந்த ஆரஞ்சு?" என்றேன். பழக்க தோஷம். "லேசா பழுப்பு கலந்ததா, இல்லை பளிச்சுன்னா?"

உள்ளே அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அந்தப் பல் ஊசியின் மரப்பு மெல்ல விட ஆரம்பித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

"பளிச்சுன்னு," என்றாள் உள்ளேயிருந்து.