முள்ளிப்பட்டு மாடிகளில் வழி தேடிய பெட்டிகள்

நெட் நல்லா ஓடுற வரைக்கும் எங்களை நாய்கூடத் திரும்பிப் பாக்காது. படம் ஒரு நிமிஷம் உறைஞ்சு வட்டம் சுத்துச்சுன்னா, பெத்தவங்க வரைக்கும் இழுத்து விசாரிப்பாங்க. அதுதாங்க எங்க தொழில். வீடியோ கால்ல வாயைத் திறந்த வாக்குல நின்னுபோன மச்சானையே பாத்துகினு உக்காந்திருந்தீங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

நான் போளூர்க்காரி. ஆரணியில சம்பத் அண்ணன் நடத்துற சின்ன நெட் கம்பெனியில வேலை. பட்டுத் தறி ஓடுற முள்ளிப்பட்டுக்கு லைன் குடுக்கப் போனோம். புதுசா போட்ட சிமென்ட் ரோட்டைத் தோண்டவே கூடாதுன்னு ஊரே ஒத்தக் கால்ல நின்னுச்சு. சரி, கேபிளே வேணாம்னு வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில ஒரு வெள்ளைப் பெட்டி வெச்சோம். ஊர் முனை டவர்ல இருந்து ஒரு பெட்டி வாங்கும், அடுத்த மாடிக்குக் குடுக்கும், அது அதுக்கடுத்த மாடிக்கு. கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி கை மாறுதே, அந்த மாதிரி. யார்கிட்ட வாங்கி யார்கிட்ட குடுக்கிறதுன்னு பெட்டிங்களே முடிவு பண்ணிக்கும். அதுங்க ஒழுங்கா முடிவு பண்ணுதான்னு பாத்து, உள்ள இருக்கிற புரோகிராமைத் திருத்துறது என் தலையெழுத்து.

அந்தத் தெருவுல வசந்தா அக்கா இருக்காங்க. சில வீட்டுத் தறிங்களுக்குப் பட்டு குடுத்து, புடவை நெய்ய வெச்சு, போன்ல லைவ் போட்டு விக்கிறவங்க. முதல் லைவ்ல முந்தானையை விரிச்ச கையோட படம் உறைஞ்சுபோயி, வாங்க வந்தவங்க எல்லாம் கலைஞ்சுட்டாங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடி இன்னொரு லைவ். அது வித்தா தீபாவளி வரைக்கும் தறி ஓடும், விக்கலைன்னா அக்கா கடையை மூடிக்க வேண்டியதுதான். அந்தத் தேதியைச் சொல்லிட்டு அக்கா என்னைப் பாத்தாங்க.

"இந்த வாட்டியும் நின்னுச்சுன்னா, தெருப் பெட்டி மொத்தமும் கழட்டி உங்க கடை வாசல்ல கொட்டிடுவேன், ஆமா."

ஈரப் பட்டு

தெருவிலேயே உசரமான மாடி சாயப்பட்டறை ஏகாம்பரம் அண்ணனோடது. டவர் பளிச்சுனு தெரியும். அதனால எல்லாப் பெட்டியும் அந்த மாடி வழியாத்தான் போவும். காலையில ஜோரா ஓடும். பத்து மணிக்கு மேல சிக்னல் படுத்துக்கும், எல்லாப் பெட்டியும் அலறிகினு வேற வழி தேடி ஓடும். மத்தியானம் மறுபடியும் ஏகாம்பரம் மாடிக்கே திரும்பி வரும். வழி மாறுற ஒவ்வொரு வாட்டியும் படம் நிக்கும். நான் ஒயரை மாத்தினேன், பெட்டியை மாத்தினேன், பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைச்சேன்.

ஒருநாள் பத்து மணிக்கு மாடி ஏறிப் பாத்தா, பெட்டியைச் சுத்தி மூங்கில் கழி கட்டி, சாயம் போட்ட பட்டு நூலைச் சொட்டச் சொட்டக் காய வெச்சிருக்காரு மனுஷன். தண்ணியில ஊறின பட்டைத் தாண்டி சிக்னல் எங்க போவும்? காயுற வரைக்கும் பெட்டி குருடு. "அண்ணே, இந்த நூலாலதான் ஊருக்கே நெட் இல்ல"ன்னு அழாத குறையா சொன்னேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சாரு. எனக்கும் நம்பிக்கையா இருந்துச்சு.

"இன்னிக்கி செவப்பு. நாளைக்கி பச்சை போடறேன், அதுல வேணா கொஞ்சம் நல்லா வருதா பாரும்மா."

சபலம்

பெட்டியை நவுத்தலாம்னு பாத்தா, மிச்ச மாடி எதுவும் அந்த உசரம் இல்ல. அப்பதான் உக்காந்து யோசிச்சேன். நூல் காய வெக்கிறது ஏகாம்பரம் அண்ணன் தொழில், அவரைத் தடுக்க நான் யாரு? ஆனா பெட்டிங்களுக்கு இருக்கிற சபலம் இருக்கே, அது என் சமாச்சாரம். ரெண்டு வழி இருந்து, ஒண்ணு இம்மியளவு நல்லா தெரிஞ்சாலும் உடனே தாவும். அடுத்த நொடி இன்னொண்ணு நல்லா தெரிஞ்சா அங்க தாவும். ரேஷன் கடையில இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் ஓடிகினே இருந்து கடைசியில சக்கரை வாங்காம வர்ற ஆள் மாதிரி.

அதனால புரோகிராம்ல ஒரு கட்டுப்பாடு போட்டேன். புது வழி கொஞ்சம் நல்லா இருந்தாப் பத்தாது, நல்லாவே நல்லா இருக்கணும். அதுவும் கொஞ்ச நேரம் தொடர்ந்து நல்லா இருக்கணும். அது வரைக்கும் இருக்கிற வழியிலயே அடக்கமா இரு. போட்டதும் பெட்டிங்க பாதி அடங்கிடுச்சு. பெருமை தாங்காம சம்பத் அண்ணனைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன். அவரு பாராட்டுவாருன்னு பாத்தா, பெருமூச்சு விட்டாரு.

"இத அப்டியே என் தம்பி மண்டையில போட முடியுமா பாரு, வருஷக்கணக்கா பொண்ணு பாத்துகினுகீறான்."

பெட்டிக்கு லீவு

நம்பினா நம்புங்க, அடுத்த அமாவாசைக்கு ஊர் மொத்தமும் இருட்டு. கரண்ட் இருக்கு, நெட் மட்டும் இல்ல. அமாவாசைன்னா தறிக்கு லீவுன்னு எனக்கும் தெரியும். ஆனா தறி வீட்டுல மெயினையே அணைச்சுட்டு குடும்பத்தோட தேவிகாபுரம் கோயிலுக்கு பஸ் ஏறிடுவாங்கன்னு யார் கண்டா? மெயின் போனா பெட்டியும் போச்சு. பாதி மாடிப் பெட்டிங்க செத்துப்போக, மிச்சம் ஒண்ணையொண்ணு தேடிகினு பைத்தியமா அலையுது.

வீடு வீடா ஏறி இறங்கி, "மெயினை அணைங்க, பெட்டிய மட்டும் விட்டுடுங்க"ன்னு கெஞ்சினேன். ஒரு வீட்டுல தறி நெய்யுற அம்மா, இடுப்புல கை வெச்சுகினு என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"நாங்க எல்லாம் லீவுல இருப்போம், அது மட்டும் மாடியில ஒண்டியா வேலை செய்யணுமா? உனக்கு மனசாட்சி இல்லையாம்மா?"

எதிர் வீடு

கெஞ்சிப் பிரயோஜனம் இல்லைன்னு, புரோகிராம்ல இன்னொரு கணக்கு சேத்தேன். அடிக்கடி அணையுற பெட்டியை நம்பாதே, எப்பவும் விழிச்சிருக்கிற பெட்டிக்கு முதல் மரியாதை. அப்படிப் போட்டதும் வசந்தா அக்கா வீட்டுப் பெட்டி ஜம்முனு ஒரு வழியைப் பிடிச்சுகினு அசையவே இல்ல. ஆஹான்னு பாத்தா, அந்த வழி நேரா எதிர் வீட்டுக் கோதண்டம் மாடிக்குப் போவுது.

கோதண்டம் அண்ணனும் புடவை வியாபாரிதான். அக்கா முன்ன அவருக்குத் தறி நெய்ஞ்சவங்க. தனியா தொழில் ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. அவரு பெட்டி ஏன் அணையுறதே இல்லன்னா, வாசல்ல ஒரு கேமரா மாட்டி வெச்சிருக்காரு. வசந்தா வீட்டுக்கு யார் யார் போறாங்கன்னு பாக்கணுமே! அமாவாசையிலயும் அந்தக் கேமராவுக்கு லீவு இல்ல.

மறைக்க எனக்கு மனசு வரல. அக்காகிட்ட சொல்லிட்டேன். "என் புடவை அவன் வீட்டு மேல ஏறிப் போவுமா?"ன்னு மூஞ்சி செவந்துடுச்சு. வேற வழியில போனா லைவ் நிக்கும்னு சொன்னேன். கொசுவத்தை இழுத்துச் சொருகிகினாங்க. அப்புறம் மெதுவா தலையாட்டினாங்க.

"சரி, போவட்டும். ஆனா போவும்போது செருப்பு போட்டுகினே போவச் சொல்லு."

பிளக்கில் கை

லைவ் ஞாயித்துக்கிழமை. அக்கா கூடத்துல விளக்கெல்லாம் போட்டு, ஒவ்வொரு புடவையா விரிக்கிறாங்க. நான் மூலையில லேப்டாப்போட. படம் கண்ணாடி மாதிரி போவுது. "எனக்கு, எனக்கு"ன்னு கமென்ட் கொட்டுது. அக்கா கண்ணைத் துடைச்சுகினே அடுத்த புடவையை எடுக்கிறாங்க. அந்த நேரம் பாத்து எதிர் மாடியில இருந்து ஒரு குரல்.

"ஏம்மா வைஃபை பொண்ணு! என் பெட்டி இன்னா இப்டி பேய் புடிச்சாப்ல மினுக்குது? யாரு போறா என் வழியா?"

ஐயோன்னு தெருவைத் தாண்டி ஓடி, அவர் வீட்டு மாடிப்படி ஏறினேன். கோதண்டம் அண்ணன் பெட்டியோட பிளக்கைப் பிடிச்சுகினு நிக்கிறாரு. அவரு பிடுங்கினா, நான் போட்ட கட்டுப்பாட்டால அக்கா வீட்டுப் பெட்டி ஜல்தியா வேற வழிக்குத் தாவாது. "அடக்கமா இரு"ன்னு நான்தானே சொல்லி வெச்சேன்! அது செத்த வழியையே பாத்துகினு நிக்கும், லைவ் அங்கயே காலி. "அண்ணே, உங்க கால்ல விழறேன், வசந்தா அக்கா லைவ் முடியட்டும், இன்னும் கொஞ்ச நேரம்"னேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"என்கிட்ட தறி நெய்ஞ்சவ, என் மாடி மேலயே ஏறி என் கஸ்டமருக்கு விப்பாளா?"ன்னாரு. குரல்ல கோவத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு. கை பிளக்கை அசைச்சுது.

அப்ப கீழ சமையல்கட்டுல இருந்து அவங்க வீட்டுக்காரம்மா சாவித்திரி அக்கா, கையில போனோட வெளிய வந்து மாடியை அண்ணாந்து பாத்தாங்க. அவங்க போன்ல ஓடுறது வசந்தா அக்கா லைவ்.

"கத்தரிப்பூ கலரு என் பேருக்கு எழுதிகினுகீறா, அது முடியுற வரைக்கும் பிளக்குல கை வெச்ச, உனக்கு இந்த வீட்ல சோறு கெடையாது!"

லைவ்ல வெச்சிருந்த புடவை எல்லாம் வித்துது, முள்ளிப்பட்டுல தறி ஓடுது. நானும் இப்பல்லாம் புதுசா ஒரு வழி தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி, சிக்னலை அப்புறமா அளந்துக்கலாம்னு அந்த வழியில இருக்கிற வீட்டு அம்மாகிட்ட முதல்ல சௌக்கியம் விசாரிச்சுட்டுதான் மாடி ஏறுறேன்.