சம்பந்திக்கு ஒரு அறை

சோங்சிங் நகரில் இரண்டு ஆறுகள் கூடும் படித்துறைக்கு மேலே ஏறும் சரிவான தெருவில், ஒரு நூடுல்ஸ் கடையை ஒட்டி ரான் யுன்ஷுவின் கடை இருக்கிறது. யாங்சி ஆற்றில் மூன்று இரவுகள் போகும் உல்லாசக் கப்பல்களில் அறை பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். அதே தெருவில் அதே தொழில் செய்கிறவர்கள் பலர். அவர்கள் வாசலில் நின்று ஆளை இழுப்பார்கள். யுன்ஷு உள்ளே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். வந்தவர் நாற்காலியில் சாய்வதற்குள் கேட்பாள்:

"வீட்டுல எங்க படுப்பீங்க?"

சிலர் முகம் சுளிப்பார்கள். அவள் விடமாட்டாள். "ஜன்னல் தெருவப் பாத்தா, முற்றத்தப் பாத்தா? ராத்திரி எத்தன தடவ எந்திரிப்பீங்க? கூட வர்றவங்க குறட்ட விடுவாங்களா? வெக்கப்படாம சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல." எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கப்பலின் பெயரையே எடுப்பாள்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இளம் வயதில் அவள் அந்தக் கப்பல்களில் அறைப் பணிப்பெண்ணாக இருந்தாள். படுக்கை விரிக்கும்போது, எந்த அறைக்காரர்கள் சிரித்த முகத்தோடு காலைச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள், எந்த அறைக்காரர்கள் சிடுசிடுவென்று போகிறார்கள் என்று கவனித்தாள். உச்சித் தளத்து அறை விலை கூடியது. ஆனால் நடுப்பகுதியில் எடுத்தால், விடிந்ததும் தலைக்கு மேலே பெண்கள் கூட்டமாக நடனப் பயிற்சி செய்வார்கள். லிஃப்டை ஒட்டிய அறையில் மணியோசையை எண்ணிக்கொண்டே விடிந்துவிடும். கரையில் கப்பல்களை ஒன்றோடு ஒன்று அணைத்துக் கட்டுவார்கள். நடுத்தளத்தில் பால்கனித் திரையை விலக்கினால் அடுத்த கப்பலில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். அடித்தளத்தில் வாலோரம் எஞ்சின் சத்தம். அங்கே யாரையும் படுக்கவைக்கக் கூடாது. புதுக் கப்பல் வந்தால் அவளும் கணவன் மோ தெகுவாங்கும் போய், ஆளுக்கொரு அறையில் படுத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். தெகுவாங் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவான் என்பதால் அவன் சொல்லும் அபிப்பிராயத்தை அவள் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டு போவாள். சோங்சிங்கில் பெண்டாட்டி சொல்லைத் தட்டாத ஆண்களை 'இளகின காதுக்காரர்கள்' என்பார்கள். தெகுவாங்கின் காது வெண்ணெய் என்பது பேருந்துப் பணிமனை முழுக்கத் தெரியும்.

ஒருமுறை மூன்று ஓரகத்திகள் ஒரே அறை கேட்டு வந்தார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று தளங்களில் மூன்று அறை கொடுத்தாள். திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள். திரும்பி வந்தபோது மூவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். யுன்ஷுவுக்கு அது பெருமை. தான் கொடுத்த அறை தப்பாது என்று அவள் நம்பினாள். ஊரும் நம்பியது.

அப்படிப்பட்டவள்தான், தன் மகள் மான்லீக்காகக் கிளம்பிய பயணத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாள்.

மான்லீ விரும்பிய பையன் வடக்கே ஷென்யாங்கைச் சேர்ந்தவன். வேலை சோங்சிங்கில். கல்யாணமும் குடித்தனமும் இங்கேதான் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். பையனின் பெற்றோர் இன்னும் சரியென்று சொல்லவில்லை. ஒரே பிள்ளை, அவ்வளவு தூரத்தில் எப்படி விடுவது என்று தாய்க்குக் கவலை. அவள் சொல்லாமல் தகப்பனும் சொல்ல மாட்டார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கப்பலில் ஒன்றாகப் போய் வரட்டும், பேசிப் பழகட்டும் என்பது மான்லீயின் யோசனை.

"அம்மா, கப்பல விட்டு இறங்குறதுக்குள்ள அவங்க வாயால ஒரு 'சரி' வந்துடணும். அத வாங்கிட்டு வா. இல்லாட்டி அவனால அவங்க அம்மாவ மீற முடியாது."

"வாங்கிட்டு வர்றேன்" என்றாள் யுன்ஷு, காய்கறி வாங்கி வருவது போல.

விருந்தாளிக்கு எந்த அறை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், இருப்பதிலேயே மட்டமானதைக் காட்டி "இது போதும்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்காமலே, இருப்பதில் சிறந்ததைக் கொடுத்துவிட வேண்டும். மட்டமானதை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும். யுன்ஷு அப்படித்தான் செய்தாள். உச்சித் தளத்தில் முன்கோடியில், இரண்டு பக்கம் கண்ணாடி வைத்த பெரிய அறையைச் சம்பந்திகளுக்கு எடுத்தாள். அங்கே நடனம் இல்லை, லிஃப்ட் இல்லை, காதில் பஞ்சு வைத்தது போல இருக்கும். தனக்கும் தெகுவாங்குக்கும் அடித்தளத்தில் வாலோரம், எஞ்சினை ஒட்டிய அறை.

சம்பந்தி தோங் ஷிகுய் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகன்ற தோள், குறைந்த பேச்சு. அவர் மனைவி குவான் சூஃபென் பள்ளிச் சமையலறையை நடத்தியவள். அறைக்குள் நுழைந்ததும் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு சம்பந்தியம்மா இவ்வளவு பெரிய அறை? நாங்க என்ன மந்திரியா?"

"இது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு" என்று யுன்ஷு பொய் சொன்னாள். சூஃபென்னுக்கும் அது பொய் என்று தெரியும். வாசலில் கொஞ்ச நேரம் மரியாதைச் சண்டை நடந்தது. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் காலை தோங் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தபோது கண் சிவந்து, கன்னம் தொங்கியிருந்தது.

"தூக்கம் எப்படி?" என்று தெகுவாங் கேட்டான்.

"ரொம்ப நல்லாத் தூங்கினேன். கல்லு மாதிரி" என்றார் தோங்.

மதியச் சாப்பாட்டில் யுன்ஷு மீன் துண்டைச் சூஃபென் கிண்ணத்தில் வைத்துவிட்டு மெல்லப் பேச்சை எடுத்தாள். "பசங்க வசந்தத்துல வச்சுக்கலாங்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் என்ன நினைக்கிறீங்க?"

சூஃபென் கணவரைப் பார்த்தாள். அவர் சோற்றுக்கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடியே கண்ணை மூடியிருந்தார். மேஜைக்கு அடியில் அவள் ஓர் உதை விட்டாள். அவர் திடுக்கிட்டு, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம், இப்ப என்ன அவசரம்?" என்று எரிந்து விழுந்தார். சூஃபென் காதோரம் சிவந்து, "எங்க வீட்டுல இதுதான் பேச்சு" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்.

மான்லீ தொலைபேசியில் கூப்பிட்டாள். "என்னம்மா சொன்னாங்க?"

"மீன் நல்லாருக்குன்னாங்க" என்று யுன்ஷு வைத்துவிட்டாள்.

பிற்பகலில் கப்பல் ஒரு கோயில் மலையடியில் நின்றது. சூஃபென் தெகுவாங்கோடு மலையேறப் போனாள். தோங் கால் வலி என்று இருந்துவிட்டார். சால்வை எடுக்கத் தன் அறைக்குப் போன யுன்ஷு, அடித்தளத்து நடையின் கோடியில், உயிர்காப்பு அங்கிகள் வைத்த பெட்டியின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தோங். முதுகை இரும்புச் சுவரில் சாய்த்து, வாய் திறந்து, தொட்டில் குழந்தை போலத் தூங்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மின்சாரத்துக்கான எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யுன்ஷு சுவரில் உள்ளங்கையை வைத்தாள். விரல் நுனிவரை அதிர்ந்தது.

அவள் நெற்றியில் அறைந்துகொள்ளவில்லை. சால்வையை எடுத்துக்கொண்டு மேலே போய், ஒரு தேநீர் வாங்கிக் குடித்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. ஆயுளெல்லாம் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்த மனிதனைப் பஞ்சுப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறாள். விருந்தாளி குறை சொல்லக் கூடாது என்பதால் அவரும் வாயைத் திறக்கவில்லை.

மலையிலிருந்து வந்த தெகுவாங்கிடம் சொன்னதும் அவன் முகம் வெளுத்தது.

"அதுக்கு? சம்பந்திய நம்ம அறைக்கு இறங்கி வரச் சொல்லப் போறியா?"

"ஆமா."

"நாம மேல போய்ப் பெரிய அறையில படுத்துக்குறதா? விருந்தாளிய எஞ்சின் பக்கத்துல தள்ளிட்டுத் தாங்க ராஜா மாதிரி படுத்தாங்கன்னு ஷென்யாங் முழுக்கச் சொல்லும் அந்தம்மா. பொண்ணு கல்யாணம் அத்தோட சரி."

"நாமன்னு யாருய்யா சொன்னா? நீ கீழயே இரு."

"அப்ப?"

"காத மட்டும் குடு. யோசனைய நான் பாத்துக்குறேன்."

மாலையில் பெரிய அறையில் நால்வரும் தேநீரோடு உட்கார்ந்தார்கள். யுன்ஷு கடையில் உட்காரும் தோரணையில் முதுகை நிமிர்த்தினாள்.

"தோங் அண்ணே, கடைக்கு வர்ற எல்லாரையும் ஒண்ணு கேப்பேன். உங்களக் கேக்காம விட்டுட்டேன். வீட்டுல எங்க படுப்பீங்க?"

தோங் மனைவியைப் பார்த்தார். மனைவி பதில் சொன்னாள். "ரயில்வே குடியிருப்புலதான். ஜன்னலுக்குக் கீழயே பெட்டி கோக்குற இடம். ராத்திரி பூரா டமார் டமார்னு இருக்கும். ஏன் கேக்குறீங்க?"

"வண்டி ஓடாத நாள்ல தூங்குவாரா?"

"புத்தாண்டுக்கு ரெண்டு நாள் சரக்கு வண்டிய நிறுத்துவாங்க. அந்த ரெண்டு நாளும் பேய் மாதிரி வீட்டுக்குள்ள நடப்பாரு." சொல்லி முடித்த பிறகுதான் சூஃபென்னுக்கு விஷயம் புரிந்தது. திரும்பிக் கணவரை முறைத்தாள். "நேத்து ராத்திரி தூங்கலையா நீ?"

"தூங்கினேன்."

"தூங்கல" என்றாள் யுன்ஷு. "மத்தியானம் எஞ்சின் சுவத்துல சாஞ்சு தூங்கினாரு. நான் பாத்தேன். அண்ணே, எம் மரியாதைக்காக உங்களுக்கு அறை எடுத்தேன், உங்க தூக்கத்துக்காக எடுக்கல. மத்தவங்க யாராவது இப்படி அறை குடுத்திருந்தா அவங்களக் கடைய மூடச் சொல்லியிருப்பேன். இன்னிக்கி நீங்க எங்க அறையில படுங்க."

சூஃபென் கிண்ணத்தை வைத்தாள். "அதெப்படி? அவரு கீழ எஞ்சின் பக்கத்துல, நீங்க ரெண்டு பேரும் இங்கயா?"

"அவரும் எங்க வீட்டுக்காரரும் கீழ. நீங்களும் நானும் இங்க. பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். இதுல விருந்தாளி யாரு, வீட்டுக்காரங்க யாருன்னு யாரும் சொல்ல முடியாது."

தோங் அதற்குள் எழுந்து நின்று தன் பல் துலக்கும் குவளையை எடுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் தெகுவாங்குக்குச் சிரிப்பு பீறிட்டது. அவன் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சூஃபென் கணவர் கையிலிருந்த குவளையை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"பாரு, ஒரு மனுஷன் எப்படி ஓடுறாருன்னு" என்றாள். "போ. கால்சராய மாத்திட்டுப் படு. அவரு குறட்ட விடுவாரு சம்பந்தி, முன்னாடியே சொல்லிட்டேன்."

"எஞ்சின் சத்தத்துல எனக்கு எது கேக்கப் போகுது?" என்று தெகுவாங் பெட்டியைத் தூக்கினான்.

ஆண்கள் போனதும் யுன்ஷு படுக்கையின் ஓரத்தைச் சரிசெய்தாள், பழைய பழக்கத்தில். சூஃபென் கண்ணாடியோரம் நின்றிருந்தாள். கோபமா இல்லையா என்று யுன்ஷுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவுமில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் சூஃபென், விளக்கை அணைக்கப் போகும்போது. "நேத்துதான் கல்யாணமானதுல இருந்து மொத தடவ நான் முழுசாத் தூங்கினேன். காலையில எந்திரிச்சு, காது செவிடாயிடுச்சோன்னு பயந்துட்டேன். அவருகிட்டச் சொன்னா நான் பெரிய அறைக்கு ஆசப்பட்டேன்னு ஆயிடும்; வாய மூடிக்கிட்டேன்."

"அப்ப இந்த அறை தப்பில்ல" என்றாள் யுன்ஷு. "ஆளுதான் ஒண்ணு கூடிப்போச்சு."

விடிகாலையில் கப்பல் முதல் பள்ளத்தாக்கை நெருங்கியது. இரண்டு பெண்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் வெந்நீர் குடித்தபடி நின்றார்கள். பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. பத்து யுவான் நோட்டில் இருக்கும் அந்தப் பாறை வாசலைப் பார்க்கத்தான் கப்பலில் எல்லோரும் வருவது. மேல்தளத்தில் கூட்டம் நெரிந்தது.

"உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததில்ல" என்றாள் சூஃபென். "குடுத்ததத் திருப்பி வாங்கிட்டுக் கடைக்காரி மாதிரி பேசுறீங்க. இத நான் ஊர்ல சொல்லத்தான் போறேன்."

"சொல்லுங்க."

"நான் சொல்லாட்டியும் அவரு சொல்லுவாரு." சூஃபென் வெந்நீரை ஊதிக் குடித்தாள். "எங்க அண்ணன் ஒருத்தரு இருக்காரு, நாத்தனார் ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் ஆகாது, ஒரே மாடியில வச்சா ஓட்டல் எரிஞ்சிரும். வசந்தத்துல சோங்சிங்ல ஈரமா இருக்குமா? எங்க அண்ணனுக்கு மூட்டு வலி."

யுன்ஷு சட்டென்று திரும்பவில்லை. பாறையையே பார்த்துக்கொண்டு, "தெக்குப் பாத்த அறையா, ஈரமில்லாததாப் போடலாம்" என்றாள். குரல் கடைக்குரலாகவே இருந்தது.

"வாசலே வந்துடுச்சே" என்று யாரோ மேலே கத்தினார்கள். கப்பல் சங்கு ஊதியது. யுன்ஷுவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஐயோ, அவங்க ரெண்டு பேரும் இன்னும் வரல. நான் போய் எழுப்பிட்டு வர்றேன்."

சூஃபென் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க, தூங்கட்டும். கல்யாணத்துக்கு வரும்போது பாத்துக்குவாரு."