இழை எண்ணும் லூர்துமேரி

யார் கும்பிட்டாலும் முகத்துக்கும் முன்னதாக மணிக்கட்டைத்தான் பார்க்கிறார் லூர்துமேரி. இனிக் குடிக்கமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்து கட்டிய கயிறு அங்கே இருக்கிறதா, சாயம் போய்விட்டதா, இன்னும் எத்தனை இழை தாங்கும்? சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ தெரிய, காரிமங்கலம் சந்தையில் வரிசை வரிசையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்.

தர்மபுரியில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் களப்பணியாளர். வயது நாற்பத்தேழு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வாங்கிய டீ பாதியில் ஆறிக் கிடக்கும். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைகளில் மைக்கைப் பிடித்தால் நடந்துகொண்டேதான் பேசுவார். கேட்கிற பெண்களுக்குக் கழுத்து வலிக்கும். "குடி ஒரு நோவுங்க. சக்கரை, பி.பி. மாதிரிதான். கயிறு கட்னா மட்டும் தீராது, டாக்டரப் பாக்கணும்" என்பார்.

இப்படிச் சொல்கிறவர் ஊரார் கயிற்றையெல்லாம் ஏன் எண்ணுகிறார்? எல்லாம் தம்பி கதிரவனால்தான். வேதக்காரக் குடும்பம்தான் என்றாலும் லாரிக் கூட்டாளிகளோடு கோயிலுக்குப் போய் அவனும் கயிறு கட்டிக்கொண்டான். ஐந்து மாதம் நன்றாக இருந்தான். தொப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கை கழுவும்போது கயிறு இற்று விழுந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டான். நாலு நாளில் அமாவாசை, அன்றைக்கு மறுபடி கட்டிக்கொள் என்று இவரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அன்றே குடிக்க ஆரம்பித்தவன் மூன்றாம் நாள் வண்டியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். அந்தப் போனை நினைத்தால் லூர்துமேரிக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது.

இன்றைக்குத் தக்காளி விற்கும் சென்னப்பனின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. காலையில் கூடை இறக்கும்போது அறுந்ததாம். மூன்று மாதமாகக் குடியைத் தொடாதவர். மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு மதுக்கடை திறந்துவிடும்.

"சாமியே வுட்டுருச்சுக்கா. இனிமே குடிச்சாலும் குத்தமில்ல."

"சாமி எங்கியும் போவல சென்னப்பா. நூலு இத்துப்போச்சு, அவ்ளோதான். வா, டாக்டர்கிட்டப் போவலாம்."

"இன்னிக்கு வேணாங்க்கா. நாளைக்கு வரேன்."

நாளைக்கு வரை விடுவதாக இல்லை லூர்துமேரி. சென்னப்பனின் மனைவி சுகுணாவுக்குப் போன் போட்டு, வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள வரச் சொன்னார். மையத்துக்குப் பேசினார். பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய் தர்மபுரி வண்டி எப்போது என்று விசாரித்து வந்தார். வந்தவர் நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் ஓடினார். பன்னிரண்டே காலுக்குத்தானாம். அதற்குள் சென்னப்பனின் கண் பலமுறை சந்தை வாசலுக்குப் போய்த் திரும்பியது. சுகுணா மூச்சிரைக்க வந்து தராசைப் பிடித்தாள். புருஷனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயம்.

மணி பன்னிரண்டு. சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பத்தே நிமிசங்க்கா. வந்துடறேன்."

லூர்துமேரி ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொன்றைக் கவிழ்த்தார். பிறகு, சந்தை மொத்தமும் பார்க்க, சென்னப்பனின் மணிக்கட்டில் கயிறு இருந்த வெளுத்த தடத்தின் மேல் தன் விரல்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.